பென்சிலில் எழுதிய லாபம்

மே 22, திங்கள்

பழைய டைரி நேற்றோடு தீர்ந்தது. இது என் வீட்டுக்காரர் பூபதி மாமாவுக்குக் கம்பெனியில் பொங்கலுக்குக் கொடுத்தது. முன்பக்கத்தில் நாலைந்து இடத்தில் அவர் கையெழுத்தில் கழுத்து அளவு, தோள் அளவு. பனியன் கம்பெனி கட்டிங் மாஸ்டர் வீட்டில் வெற்றுத் தாள் கிடைப்பது கஷ்டம்.

தன்விகா தூங்கிவிட்டாள். நெஞ்சில் கை வைத்துப் பார்த்தேன், இரைப்பு இல்லை. ஒன்றே கால் வயதுக்குள் ஐந்து தடவை ஆவி மெஷின் வைத்தாயிற்று. "பஞ்சுத் தூசி இருக்கிற எடத்துக்குக் கொழந்தையைக் கூட்டிட்டுப் போகாதீங்க" என்றார் டாக்டர். திருப்பூரில் பஞ்சுத் தூசி இல்லாத இடம் எது என்று அவர் சொல்லவில்லை. ஆறு வருடம் கம்பெனி ஆபீசில் கணக்குப் பார்த்த நான் வீட்டோடு ஆனது இப்படித்தான். பூபதி மாமா வேலை முடிந்து வந்தால் வாசலிலேயே சட்டையைக் கழற்றிவிட வேண்டும். அது தனி பக்கெட். அந்தச் சட்டைப் பையை உதறினால் ஒரு கைப்பிடிப் பஞ்சு வரும்.

வீட்டிலிருந்தே சம்பாதிக்க ஒரு வழி வேண்டும். அதற்குத்தான் பங்குச் சந்தை வகுப்பு. ஆயிரம் ரூபாய் கட்டி, போனில் பார்ப்பது. முகம் காட்டாமல் பேசும் ஒரு சார். அவர் போட்ட முதல் விதி: "மூணு மாசம் காகிதத்துல மட்டும் வாங்குங்க, வில்லுங்க. நிஜப் பணம் ஒரு ரூபா போடாதீங்க." மார்ச்சில் ஆரம்பித்தேன். என்னிடம் ஒரு லட்சம் இருப்பதாகக் கற்பனை. தனி நோட்டு, பென்சில். பி.காம். படித்த கை சும்மா இருக்குமா? தேதி, வாங்கிய விலை, விற்ற விலை, தரகு, வரி என்று கட்டம் போட்டுத்தான் எழுதுகிறேன். பார்ப்பவர்கள் ஆடிட்டருக்குப் போகிற நோட்டு என்று நினைப்பார்கள்.

மே 25, வியாழன்

இப்போது சார்ட் பார்த்தால் கொஞ்சம் புரிகிறது. ஒரு நாளைக்கு ஒரு மெழுகுவர்த்தி. ஆரம்பித்த விலைக்கு மேலே முடிந்தால் பச்சை, கீழே முடிந்தால் சிவப்பு. போனில் கண் வலிக்கிறது என்று கிராஃப் தாளில் நானே வரைகிறேன், தன்வியின் கலர் பென்சிலில். சிவப்புதான் சீக்கிரம் தேய்கிறது. விலை விழுந்து விழுந்து ஒரே இடத்தில் திரும்புகிறது பாருங்கள், அதுதான் சப்போர்ட், அது தரை என்றார் சார். கோடு போட்டேன். தரை மாதிரியேதான் இருந்தது.

சர்க்கரை ஆலைப் பங்கு இன்று விழுந்தது. 3,200 நஷ்டம். ஆனால் அந்த நேரம் தன்விக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. நிதானமாக இருந்திருந்தால் வாங்கியிருக்கவே மாட்டேன். அதனால் கணக்கில் சேர்க்கவில்லை. ரப்பரால் அழித்ததில் தாள் கொஞ்சம் தேய்ந்துவிட்டது.

மே 27, சனி

நேற்று இரவு முழுக்க இரைப்பு. ஆறாவது தடவை. அவர் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு விடியும் வரை நடந்தார். கண்ணே மூடாமல் எட்டு மணிக்கு வேலைக்குப் போனார். "இன்னிக்கு லீவு போட்டுருங்க மாமா" என்றேன். "எக்ஸ்போர்ட் ஆர்டர் அம்மிணி, நான் வெட்டுனாத்தான் தையல் லைனு ஓடும்" என்றார்.

சாயங்காலம் வந்தவர் சாப்பிடாமல் படுத்தார். தூக்கக் கலக்கம்.

மே 31, புதன்

நல்ல செய்தி. நாலு நாளாகத் தன்விக்கு இரைப்பே இல்லை. நெஞ்சு தெளிவாக இருக்கிறது. நான் தினம் இரண்டு தடவை ஈரத்துணி போட்டுத் துடைப்பது வேலை செய்கிறது போல.

வாஷிங் மெஷினும் நன்றாக ஓடுகிறது. வலையைக் கழற்றினால் பஞ்சே இல்லை. டிபன் பாக்ஸ் கூட கழுவியே வருகிறது. "கம்பெனில புதுசா கொழாய் போட்டுருக்குதா மாமா?" என்று கேட்டேன். "ம்" என்றார்.

ஜூன் 3, சனி

வாரச் சம்பளம் கொடுத்தார். ஆறாயிரம். எல்லாம் சலவை நோட்டு. வழக்கமாகப் பேர் எழுதிய கவரில் வரும். கவர் தீர்ந்துவிட்டதாம். அவ்வளவு பெரிய கம்பெனிக்குக் கவர் வாங்கக் கூடவா முடியவில்லை?

ஜூன் 7, புதன்

காலையில் வாங்கியதாக எழுதியது பம்ப் கம்பெனி. மூன்றரைக்குப் பார்த்தால் ஏறியிருப்பது பெயின்ட் கம்பெனி. காலையில் இரண்டுக்கும் நடுவில்தானே யோசித்துக்கொண்டிருந்தேன்? பெயின்ட் என்று மாற்றி எழுதிவிட்டேன். மொத்த லாபம் 45,250.

ஜூன் 10, சனி

ஒழுங்காக எழுத முயற்சி செய்கிறேன்.

மத்தியானமே வந்துவிட்டார், அரை நாள் என்றார். நான் பால் வாங்கப் போயிருந்தேன். திரும்பி வந்தால் கட்டிலில் உட்கார்ந்து மடியில் என் நோட்டை விரித்து வைத்திருக்கிறார். துணியில் அளவு பார்ப்பதுபோல வரி வரியாக விரல் ஓடிக்கொண்டிருந்தது.

"ஏம்மிணி, இது நீ எழுதுனதா?"

"ஆமாங்க மாமா. சும்மா..."

"சும்மாவா! நாப்பத்தஞ்சாயிரத்து எரநூத்தி அம்பது. வரி கூடக் கழிச்சுருக்கற!"

"அது வந்துங்க..."

குழந்தையைத் தூக்கித் தலைக்கு மேல் வைத்துக்கொண்டார். "தங்கம், பாத்தியா? உங்கம்மா கமுக்கமா ஊட்டுக்குள்ளயே ஒரு கம்பெனி நடத்தறா." சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் முகத்தைக் குழந்தையின் வயிற்றில் புதைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. தன்வி பிறந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு தடவை இப்படிப் பார்த்திருக்கிறேன்.

இப்போது சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். மாமா, அது நிஜப் பணம் இல்லை. நாலு வார்த்தைதான். கையிலிருந்த பால் பாக்கெட் நழுவிக் கீழே விழுந்து உடைந்தது. நான் துடைத்து எழுந்திரிப்பதற்குள் அவர் அக்காவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

ஜூன் 11, ஞாயிறு

அனுப்பர்பாளையத்தில் ஒருவர் யூனிட்டை மூடுகிறாராம். ஓரம் தைக்கும் ஓவர்லாக் மெஷின் இரண்டு, மடிப்புத் தைக்கும் பேட்லாக் ஒன்று, சாதா தையல் மெஷின் ஒன்று. நாலும் சேர்த்து ஒரு லட்சத்து நாற்பத்தைந்தாயிரம்.

"என்றகிட்ட ஒரு லட்சம் இருக்குது. மிச்சத்துக்கு யாருகிட்டக் கை நீட்டறதுன்னு ரண்டு வாரமா மண்டை காஞ்சுட்டுக் கெடந்தேன். கணக்கா நாப்பத்தஞ்சு! உன்ற நோட்டுல!"

"ரண்டு வாரமாவா? என்றகிட்டச் சொல்லவே இல்லீங்களே."

"இப்பச் சொல்றேனில்ல."

முன்னறையில் மெஷினைப் போட்டு, கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் எடுப்பது, வேலையை விட்டுவிடுவது என்று எல்லாம் முடிவாகிவிட்டது. தூசி பிள்ளைக்கு ஆகாது, நடுவில் பிளைவுட் தடுப்பு அடிக்க வேண்டும், அதற்கும் யோசித்துவிட்டார். ஆடி பிறந்தால் புதிதாக எதையும் தொடங்க முடியாது. அதனால் ஆனி கடைசி வெள்ளி, ஜூலை 14, பத்தரைக்கு முன் முழுப் பணமும் கொடுத்து மெஷினை இறக்க வேண்டும். பத்தாயிரம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்துவிட்டார்.

ஜூன் 12, திங்கள்

சொல்லவில்லை. காலையில் தோசையோடு போனேன். "இன்னிக்குக் கம்பெனில சொல்லிப்போடறேன் அம்மிணி" என்று அவர் முந்திக்கொண்டார்.

ஜூன் 14, புதன்

சொல்லவில்லை.

ஜூன் 17, சனி

இன்றோடு வேலை முடிந்துவிட்டதாம். ஏழு வருடம் இருந்த இடம். "ஒரு டீ வாங்கிக் குடுத்தாவது அனுப்பலீங்களா?" என்றேன். "அதெல்லாம் எதுக்கு" என்றார். கடைசிச் சம்பளமும் சலவை நோட்டுதான்.

இனிச் சொன்னால், அவர் வேலையை விட்டது என்னால். சொல்லாவிட்டாலும் என்னால்.

என் பழைய பி.எஃப். பணம் முப்பத்தொன்றாயிரம் என் கணக்கில் இருக்கிறது. அவருக்குத் தெரியாது. முப்பத்தொன்றை நாற்பத்தைந்து ஆக்க நாலு வாரம். வேண்டியது பதினாலாயிரம்தான். காகிதத்தில் மூன்று மாதத்தில் ஒரு லட்சத்துக்கு நாற்பத்தைந்து வந்தது என்றால்... கணக்குப் போட்டுப் பார்த்தேன். முடியும். நிதானமாக இருந்தால் முடியும்.

ஜூன் 20, செவ்வாய்

நேற்று வாங்கியது சர்க்கரை, எண்பத்து நாலு ரூபாய்க்கு நூற்றைம்பது பங்கு. பொத்தானை அழுத்தும்போது விரல் வழுக்கியது. இன்று எண்பத்தாறரை வந்ததும் விற்றுவிட்டேன். செலவு போக 340 ரூபாய் லாபம். நான் வரைந்த கோட்டின்படி தொண்ணூற்றேழு வரை போக வேண்டும். காகிதத்தில் என்றால் தூங்கிக்கொண்டே காத்திருப்பேன். இன்று இரண்டு ரூபாய் கூடியதுமே இறங்கிவிடுமோ என்று அவசரப்பட்டுவிட்டேன்.

340 என்று நோட்டில் பேனாவில் எழுதினேன். இவ்வளவு சின்னதாகத் தெரிகிறது.

ஜூன் 22, வியாழன்

பம்ப் கம்பெனி, இருநூற்றுப் பன்னிரண்டு, நூறு பங்கு. அழகான சார்ட். மூன்று தடவை இருநூற்றாறில் தொட்டுத் திரும்பியிருக்கிறது. இருநூற்றைந்துக்குக் கீழே போனால் உடனே விற்றுவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். அதற்கு ஸ்டாப் லாஸ் என்று பேர். முன்கூட்டியே போனில் பதிந்து வைத்தால் அதுவே விற்றுவிடும். நான் பதியவில்லை. கண்ணாலேயே பார்த்துக்கொள்கிறேன், எங்கே போய்விடப்போகிறேன்.

ஜூன் 23, வெள்ளி

பத்து நாற்பதுக்கு இருநூற்று நாலு ஆனது. விற்க வேண்டும். விரலை வைத்தேன். வெள்ளிக்கிழமை, பத்தரை முதல் பன்னிரண்டு ராகு காலம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ராகு காலத்தில் இந்த வீட்டில் பணம் கைமாறியதில்லை. பால்காரருக்குக் கூடக் கொடுப்பதில்லை. அந்த நேரத்தில் விற்றால் நஷ்டம் வீட்டோடு ஒட்டிக்கொள்ளும் என்று தோன்றியது. பன்னிரண்டு மணிக்கு விற்கலாம் என்று சாதம் வைக்கப் போனேன்.

பன்னிரண்டு மணிக்கு நூற்றுத் தொண்ணூற்று மூன்று.

வாங்கும்போது ராகு காலம் பார்த்துத்தான் வாங்கினேன். வியாழக்கிழமை, காலை பத்து மணி. நல்ல நேரம்.

ஜூன் 27, செவ்வாய்

அவருடைய அக்கா மரகதம் நங்கை வந்திருந்தார். செக்கிங் வேலை, ஒரு கம்பெனியில் நின்றுகொண்டே நாள் முழுக்க பீஸ் பார்ப்பவர்.

"ஏம்மிணி, நாங்கெல்லாம் பீஸ் பீஸா எண்ணி வாங்கறோம். நீ உக்காந்த எடத்துல அள்ளறயாமா?"

"அப்புடியெல்லாம் இல்லீங்க நங்கை."

"கண்ணு பட்டுருமின்னு பயப்படறயா? அட நான் ஒருத்தருகிட்டயும் சொல்ல மாட்டேன். எங்க லைன்ல நாலு பேருகிட்டத்தான் சொன்னேன்."

பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார். மிளகாய்ப்பொடி வாசம். உள்ளே பதினைந்தாயிரம். மகளுடைய காலேஜ் ஃபீசுக்காம். "இதையும் அந்தப் பொட்டியில போட்டு உடு. கொறஞ்சது இருவதாச்சும் ஆக்கிக் குடு. நான் ஒண்ணும் அவசரப்படலை. ஆடி பதினெட்டுக்குக் குடுத்தாப் போதும்."

நான் வாங்கவில்லை. டிவி மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

ஜூன் 28, புதன்

டப்பா இன்னும் டிவி மேலேயே இருக்கிறது. அதை அங்கேயே விட்டு வைத்திருக்கிறேன் என்றால் வாங்கிவிட்டேன் என்றுதான் அர்த்தம்.

பம்ப் நூற்றெழுபத்தெட்டு. இன்றும் அழித்துவிட்டுக் கோட்டைக் கொஞ்சம் கீழே போட்டேன். நாளைக்குப் பக்ரீத், மார்க்கெட் லீவு. ஒரு நாள் விழாது.

ஜூன் 30, வெள்ளி

கணக்கு: நூறு பம்ப், நூற்றெழுபத்தொன்று வீதம் 17,100. கையில் 10,140. நேற்று பேங்க் மெஷினில் என் கணக்கில் கட்டிய நங்கையின் 15,000. மொத்தம் 42,240. நாற்பத்தைந்துக்கு வெறும் 2,760 குறைகிறது.

இரண்டாயிரத்து எழுநூற்று அறுபது ரூபாய்க்காக ஒரு மனுஷனைத் தலைகுனிய வைக்க முடியுமா? சார்ட்டில் நூற்றெழுபது பழைய தரை. ஒன்பது நாற்பதுக்கு, ராகு காலத்துக்கு முன்னாலேயே, இன்னும் நூற்று நாற்பத்தைந்து பங்கு வாங்கிவிட்டேன். அவர் முன்னறையில் சுவரை அளந்துகொண்டிருந்தார். தன்வி கஞ்சிக் கிண்ணத்தைத் தட்டிவிட்டதைக் கூட நான் பார்க்கவில்லை. அவர்தான் வந்து துடைத்தார். "உன்ற வேலையைப் பாரு அம்மிணி, நான் பாத்துக்கறேன்" என்றார்.

ஜூலை 3, திங்கள்

நூற்றெண்பது!

இருநூற்று நாற்பத்தைந்து பங்கு, 44,100. கையில் 345. மொத்தம் 44,445. குறைவது ஐந்நூற்று ஐம்பத்தைந்து ரூபாய். பழைய பேப்பர் போட்டால் கூட வரும். தன்வியின் உண்டியலில் இருக்கும்.

விற்க வேண்டும் என்று நினைத்தேன். ஆனால் அப்போது நங்கையின் பணம்? அதையும் சேர்த்துத்தானே நாற்பத்தைந்து? நான் வரைந்த கோடு நூற்றுத் தொண்ணூற்றைந்து வரை போகிறது. அங்கே விற்றால் இன்னும் மூவாயிரத்துச் சொச்சம். நாளைக்குப் பார்க்கலாம்.

ஜூலை 5, புதன்

நூற்று அறுபத்து மூன்று. பம்ப் கம்பெனிக்கு ஒரு பெரிய ஆர்டர் கைவிட்டுப் போனதாம். அது சார்ட்டில் எங்கே இருந்தது?

ஜூலை 8, சனி

மார்க்கெட் இல்லை. நாள் முழுக்க ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்தேன். காய்ந்த துணியை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தேன். குழந்தை சிரித்தால் பயமாக இருக்கிறது. ஆறு வாரமாக இரைப்பே வரவில்லை, இவ்வளவு நல்லது நடக்கிறதே, அதற்கு ஈடாக என்ன வரப்போகிறதோ என்று.

ஜூலை 10, திங்கள்

148.

ஜூலை 11, செவ்வாய்

மொட்டை மாடிக்குத் துணி காயப்போடப் போனேன். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தபடி ரொம்ப நேரம் நின்றிருக்கிறேன். அவர் கீழிருந்து "கோகிலா, பாப்பா உன்னத் தேடறா" என்று கூப்பிட்டார். இறங்கி வந்துவிட்டேன். அவ்வளவுதான். வேறொன்றும் இல்லை.

ஜூலை 12, புதன்

எல்லாவற்றையும் விற்றேன். நூற்று நாற்பத்தாறு. செலவு போக கையில் முப்பத்தாறாயிரம். நங்கையின் பதினைந்தை எடுத்து டப்பாவில் போட்டுவிட்டால் இருபத்தொன்று. நாளை மறுநாள் நாற்பத்தைந்து கொடுக்க வேண்டும்.

விற்கும்போது மணி பார்த்தேன். ஒன்றேகால். புதன்கிழமை ராகு காலம் பன்னிரண்டு முதல் ஒன்றரை. விற்றுவிட்டேன்.

ஜூலை 13, வியாழன்

சொல்லிவிட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், எதையும் அழிக்க மாட்டேன்.

மத்தியானம் முன்னறையில் அவர் துணிக்குக் கோடு போடும் சாக்பீஸால் தரையில் நாலு கட்டம் வரைந்துகொண்டிருந்தார். இது ஓவர்லாக், இது ஓவர்லாக், இது பேட்லாக். தன்வி ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் போய் உட்கார்ந்து எழுந்து வந்தாள். சாக்பீஸ் தூள் அவள் கையில் பட்டுவிட்டது என்று தூக்கித் துடைத்தேன். துடைத்துக்கொண்டே சொன்னேன்.

"மாமா, அந்த நோட்டு காயிதக் கணக்குங்க."

"கணக்குன்னாக் காயிதத்துலதானே எழுதுவாங்க?"

"இல்லீங்க. பணமே போடலைங்க. பழகறதுக்கு, போட்ட மாதிரி எழுதுனது."

அவர் சாக்பீஸைக் கீழே வைத்தார். பேட்லாக் கட்டத்துக்குள் உட்கார்ந்தார்.

"அப்ப நாப்பத்தஞ்சு?"

"இல்லீங்க."

பிறகு அவர் கேட்டது இது. நான் சாகும் வரை மறக்க மாட்டேன்.

"காயிதத்துலயாச்சும் அது நெசந்தானா அம்மிணி?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவருக்கு எப்படித் தெரியப்போகிறது?

"அதுவும் இல்லீங்க மாமா. தப்பாப் போனதையெல்லாம் அழிச்சுட்டேன். ஏறுனதுக்கப்பறம் வாங்குன மாதிரி எழுதிக்கிட்டேன்."

பி.எஃப். பணம், பம்ப், நங்கையின் டப்பா எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"என்னைய நம்பி இருந்த வேலையை விட்டுட்டு வந்தீங்களே, உங்களை இப்புடிப் பண்ணிப்போட்டனே" என்று நான் அழ ஆரம்பித்ததும் அவர் தலையை ஆட்டினார்.

"நான் ஒண்ணும் உன்னாலே வேலையை உடலை."

"என்னங்க?"

"மே இருவத்தேழு. பாப்பாளுக்கு ராத்திரி பூரா இரைச்சதே, அதுக்கு மக்யா நாளு. நானூறு பீஸு கழுத்துத் தப்பா வெட்டிப்போட்டேன். அளவு ஒண்ணு, வெட்டுனது ஒண்ணு. அன்னிக்கே வெளிய போன்னுட்டாங்க."

எனக்குப் புரிய நேரம் ஆனது. "அப்ப, அதுக்கப்பறம் தினமும் எங்க போனீங்க?"

"பார்க்குல உக்காந்திருப்பேன். வேலை கேட்டு நாலு எடம் போவேன். மத்தியானம் டிபனைத் தின்னுட்டு, குழாயில டப்பாவைக் கழுவிட்டு வந்துருவேன்."

"சம்பளம்?"

"பேங்குல எடுத்தது. அந்த ஒரு லட்சமும் இப்ப ஒரு லட்சமில்ல. அட்வான்ஸு போக அறுபத்தாறு இருக்குது."

"ஏனுங்க மாமா சொல்லலை?"

"நீ ஏன் சொல்லலை?"

தன்வி இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"உன்ற நோட்டைப் பாத்தன்னிக்கு," என்றார், "கடவுளே எறங்கி வந்து உன்ற கையில எழுதி வெச்சாப்பல இருந்துச்சு. வேலை போச்சுன்னு சொல்லத் தேவையில்லை, நானே உட்டுட்டேன்னு சொல்லிக்கலாம். அதான் சரியாக் கூடக் கேக்கலை. நீ 'அது வந்துங்க'ன்னு இழுத்தது எனக்குக் கேட்டுது. கேக்காத மாதிரி இருந்துட்டேன்."

இப்போது இந்த டைரியைப் பின்னால் திருப்பிப் படித்தேன். மே 31: வலையில் பஞ்சே இல்லை. டிபன் பாக்ஸ் கழுவி வருகிறது. ஜூன் 3: கவர் இல்லை, சலவை நோட்டு. தன்விக்கு இரைப்பு இல்லை, இரைப்பு இல்லை, இரைப்பு இல்லை. எல்லாம் என் கையெழுத்துதான். பம்ப் கம்பெனிக்காரன் எந்த விலையில் திரும்புவான் என்று மூன்று வாரமாகக் கோடு போட்டுக்கொண்டிருந்தவள் நான்.

ஜூலை 14, வெள்ளி

மெஷின் வேண்டாம் என்று போனில் சொல்லிவிட்டார். ஒரு ஓவர்லாக்காவது எடுக்கலாமா என்று கேட்டேன். நாலும் சேர்த்தால்தான் கொடுப்பாராம். அட்வான்ஸ் திரும்பாது.

நங்கையைக் கூப்பிட்டு டப்பாவைக் கையில் கொடுத்து உண்மையைச் சொன்னேன். எண்ணிப் பார்த்தார். இரண்டு தடவை எண்ணினார்.

"மொதலு வந்துருச்சு, சரி. எங்க லைன்ல நாலு பேருகிட்டப் பெருமை பீத்திட்டேனே, அவளுககிட்ட என்னன்னு சொல்றது?"

"நான் வந்து சொல்றேனுங்க நங்கை."

"நீ ஒண்ணும் வர வேண்டாம். வந்தயின்னா அவளுக உன்றகிட்டக் காசைக் குடுத்து உட்டுருவாளுக." வாசல் வரை போய்த் திரும்பி, தம்பியைப் பார்த்தார். "எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எங்க கம்பெனில கேட்டிருப்பேனில்லடா. பார்க்குல போயி உக்காந்திருக்கறான், பெரிய ரிட்டயர்டு ஆபீசரு."

சாக்பீஸ் கோடுகளை ஈரத்துணியால் துடைத்தேன். பேட்லாக் கட்டம் மட்டும் அழுத்தி வரைந்திருந்தார், மூன்று தடவை துடைக்க வேண்டியிருந்தது.

ஜூலை 16, ஞாயிறு

ஆனி கடைசி. அழித்ததையெல்லாம் நினைவிருந்தவரை திரும்ப எழுதினேன். பேனாவில். ரப்பர் தேய்த்த இடத்தில் மை ஊறிப் பரவுகிறது. மாற்றியதையும் மாற்றிப் போட்டேன். மார்ச்சிலிருந்து காகிதத்தில் என் உண்மையான கணக்கு: நஷ்டம் 11,850.

மாமா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "இதுக்கும் வரி கழிப்பாங்களா?" என்று கேட்டார். ஆறு வாரத்தில் முதல் தடவையாக இரண்டு பேரும் சிரித்தோம். உடனே நிறுத்திக்கொண்டோம்.

ஜூலை 22, சனி

நங்கை சொல்லி அவர்கள் கம்பெனியிலேயே கட்டிங்கில் சேர்ந்திருக்கிறார். மாஸ்டராக இல்லை, இன்னொரு மாஸ்டருக்குக் கீழே. ஆடி முதல் தேதி என்று பார்க்கவில்லை, திங்கள் முதல் ஆறு நாள். இன்று சம்பளம், கவரில். பேர் தப்பாக எழுதியிருக்கிறார்கள், பூபாலன் என்று. கவரைத் தூக்கிப் போடவில்லை, அரிசி டப்பாவில் வைத்திருக்கிறேன்.

வாசலில் கழற்றிப் போட்ட சட்டையை மொட்டை மாடிக்கு எடுத்துப்போய், முகத்தைத் திருப்பிக்கொண்டு உதறினேன். பையைத் திருப்பியதும் ஒரு கைப்பிடி விழுந்தது. நீலப் பஞ்சு. காற்றில் கொஞ்ச தூரம் போய், கைப்பிடிச் சுவரில் ஒட்டிக்கொண்டது. ஈரத்துணியால் அதையும் எடுத்தேன்.

தன்விகா தூங்குகிறாள். நெஞ்சில் கை வைத்திருக்கிறேன், இடது கையால். வலது கையால் இதை எழுதுகிறேன். லேசாக ஒரு சத்தம் கேட்டது. அவருடைய குறட்டையா, இவளுடைய மூச்சா என்று தெரியவில்லை. எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்கப்போகிறேன்.